அப்பா ஆட்சேபத்துடன் வாங்கிய காசோலை

அரசாங்கம் நிலத்தை எடுக்கும்போது தரும் இழப்பீடு போதாவிட்டால் என்ன செய்வது என்ற பேச்சில், "கொடுக்கிற பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அரசாங்கத்தோடு மல்லுக்கு நிற்க முடியுமா?" என்று இங்கே இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் உறவினர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலில் அப்பாவுக்கு மளிகைக் கடை. சாலையை அகலப்படுத்தக் கடையின் முன்பக்கத்தில் ஒரு துண்டு நிலம் வேண்டும் என்று 'இ' படிவம் வந்தது. இழப்பீட்டை முடிவு செய்யும் விசாரணைக்கு அழைக்கும் அறிவிப்பு அது. இழப்பீட்டுக் கோரிக்கையை உரிய காலத்தில் கொடுக்காதவர் பின்னால் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்பதுகூட அப்போது எங்களுக்குத் தெரியாது.

கோயிலில் பழக்கமான ஒருவர்தான் அந்த வழக்கறிஞரிடம் அனுப்பினார். முன்பு அரசுச் சட்டப் பணியில் இருந்து, இந்த விசாரணையை நடத்தி இழப்பீட்டை நிர்ணயிக்கும் அரசு அதிகாரியான நில நிர்வாகியின் தரப்பில் வாதாடியவர். அப்பாவுக்கு அது உறுத்தியது. "அந்தப் பக்கம் நின்றவரை எப்படித் தம்பி நம்புவது?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். அவர் கோபப்படவில்லை. "மக்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்பதை அங்கே இருந்துதான் ஐயா பார்த்தேன்" என்றார்.

மறுநாள் கடைக்கே வந்தார். அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, நிலத்தை எடுத்த பிறகு எல்லை எங்கே வருமோ அங்கே நிற்கச் சொன்னார். அங்கிருந்து கடை வாசல்படிக்கு 4 அடி. "அரிசி லாரி இனி எங்கே நிற்கும், ஐயா?" அப்பா பதில் சொல்லாமல் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். 1960ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தல் சட்டத்தின் முதல் அட்டவணை, எடுத்த நிலத்தின் சந்தை விலையோடு நிற்பதில்லை. எஞ்சிய நிலத்துக்கு நேரும் பாதிப்பையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. நாங்கள் அதுவரை சதுர அடியை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தோம்.

விசாரணையில் நிலத்துக்கு மட்டும் தொகை நிர்ணயித்தார்கள். அந்தத் தொகையை அறிவிக்கும் 'எச்' படிவம் வந்ததும் அப்பா பேனாவை எடுத்துவிட்டார். வழக்கறிஞர் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, ஆட்சேபத்துடன் ஏற்கிறேன் என்று குறிக்க வைத்தார். பணத்தையும் வாங்கலாம், தொகை போதாது என்று வழக்காடும் உரிமையையும் காத்துக்கொள்ளலாம். ஆட்சேபம் இல்லாமல் கையெழுத்திட்டிருந்தால் கதவு அன்றே மூடியிருக்கும். தொகையை நிர்ணயித்தபோது நாங்கள் நேரில் இருந்ததால் வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பக் கோரும் 'என்' படிவம் கொடுக்க 6 வாரம்தான் அவகாசம். அவர் இரண்டாவது வாரத்திலேயே கொடுத்துவிட்டார்.

உயர் நீதிமன்றத்தில் நீதிபதியோடு, நில மதிப்பில் அவருக்கு உதவ இரண்டு மதிப்பீட்டாளர்கள் அமர்வார்கள். முன்பு இழப்பீட்டுத் தொகையில் அவர்கள் சொல்வதே முடிவாக இருந்தது. 2017இல் செமினி ஜெயா வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்றது. நீதித்துறை அதிகாரம் நீதிபதியிடமே இருக்க வேண்டும் என்றது. இதைச் சொல்லும்போது வழக்கறிஞரின் குரலே மாறியது. அரசியலமைப்பின் 13ஆவது பிரிவு போதுமான இழப்பீடு இல்லாமல் யார் சொத்தையும் எடுக்க இடம் தரவில்லை என்பதை அப்பாவுக்கு மூன்று முறையாவது விளக்கியிருப்பார்.

எவ்வளவு கிடைக்கும் என்று ஒருநாளும் அவர் வாக்குக் கொடுத்ததில்லை. தீர்ப்பில் எஞ்சிய நிலத்தின் பாதிப்புக்கும் தொகை சேர்ந்தது. அன்று மாலை கடைக்கு வந்து, தீர்ப்பை வரி வரியாகத் தமிழில் சொன்னார். வாசலில் அந்த 4 அடியில் நாற்காலி போட்டு அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.