டயலைசரில் உறையும் ரத்தம் கையில் ஏன் நிற்கவில்லை?

மூத்த மகள்:
அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஊசியை எடுத்த பிறகு ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) ரத்தம் நிற்க இப்போதெல்லாம் அரை மணி நேரம் ஆகிறது. நேற்றோ, ரத்தத்தை வடிகட்டும் டயலைசருக்குள் ரத்தம் உறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தி வேறொன்றை மாட்டினார்கள். ஒரே ஆளின் ரத்தம் இங்கே உறைகிறது, அங்கே உறைய மறுக்கிறது. எதை நம்புவது?

டயாலிசிஸ் செவிலி:
இரண்டையும் நம்புங்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வேலைதான் சரியாக நடக்காது. தேங்கிய கழிவுகளால் அவை ஒட்டும் திறனை இழக்கின்றன. ரத்தசோகை இருந்தால் இன்னும் மோசம். சிவப்பணுக்கள் போதிய அளவு ஓடினால்தான் தட்டணுக்கள் ரத்தக்குழாயின் சுவரோரமாகத் தள்ளப்படும். டயாலிசிஸ் இதை ஓரளவுதான் சீராக்கும்.

இயந்திரத்தில் நடப்பது வேறு கதை. ரத்தம் பிளாஸ்டிக்கில் பட்டதுமே உறையத் தொடங்குகிறது. அதைத் தடுக்கத்தான் ஹெப்பரின் என்ற மருந்து. அது போதாவிட்டாலும், ரத்த ஓட்டம் மந்தமானாலும், ரத்தத்திலிருந்து நீரை அதிகமாக இழுத்தாலும் டயலைசரின் இழைகளில் கருஞ்சிவப்புக் கோடுகள் விழும். சலைன் விட்டுக் கழுவினாலும் போகாது. குழாய்களில் அழுத்தம் ஏறி இயந்திரம் கத்தத் தொடங்கும்.

ஹெப்பரினின் வீரியம் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் டயாலிசிஸ் முடிவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிடுவது வழக்கம். உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது 'இப்போதெல்லாம்' என்ற சொல். புதிதாக இப்படி ஆகிறதென்றால் ஹெப்பரின்மேல் மட்டும் பழி போடாதீர்கள். ஃபிஸ்டுலாவிலிருந்து மேலே போகும் சிரை எங்காவது சுருங்கியிருந்தால், உள்ளே அழுத்தம் கூடி ஊசித்துளை மூடாமல் ரத்தம் வந்துகொண்டே இருக்கும். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் வேண்டுமா என்று மருத்துவரிடம் உடனே கேளுங்கள். ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டால் அதை மீட்பது பெரும்பாடு.

நானும் நோயாளி:
நின்றுவிட்டதா என்று நொடிக்கொருதரம் பஞ்சைத் தூக்கிப் பார்க்க வேண்டாம். இரண்டு விரல்களால் பத்து நிமிடமாவது விடாமல் அழுத்தச் சொல்லுங்கள். அதற்காக நெரித்துவிடவும் கூடாது. அழுத்தும் இடத்துக்கு மேலும் கீழும் ஃபிஸ்டுலாவில் ரத்தம் ஓடும் அதிர்வு கையில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு மீண்டும் கசிந்து, அழுத்தியும் நிற்காவிட்டால், அழுத்தியபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மூத்த மகள்:
இருவருக்கும் நன்றி. அப்பாவுக்கு ஒரு பல்லையும் எடுக்க வேண்டியிருக்கிறது. டயாலிசிஸ் அன்றே முடித்துவிடலாமா?

டயாலிசிஸ் செவிலி:
வேண்டாம் அம்மா, மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். ஹெப்பரின் உடம்பைவிட்டுப் போயிருக்கும், கழிவும் குறைந்திருக்கும். பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்பா ஆஸ்பிரின் சாப்பிடுபவராக இருந்தால், சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.