தஞ்சாவூரா, திருச்சியா: துவாக்குடி வேலைக்கு எங்கே குடியிருப்பது?

கேள்வி
அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்குத் துவாக்குடியில் வேலை கிடைத்திருக்கிறது. இப்போது கும்பகோணத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். மாமியார் பாபநாசத்துக்கு அருகே சொந்த ஊரில் தனியாக இருக்கிறார். சாப்பாட்டு அரிசி அங்குள்ள வயலிலிருந்தே வந்துவிடுகிறது. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் பார்த்த வீட்டுக்கு 8,000 ரூபாயும், திருச்சி கே.கே.நகரில் அதே அளவுள்ள வீட்டுக்கு 12,000 ரூபாயும் வாடகை சொல்கிறார்கள். இந்த 4,000 ரூபாய் உண்மையிலேயே கையில் மிஞ்சுமா என்று இரண்டு ஊர்களிலும் வாழ்ந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்
முழுவதும் மிஞ்சாது, சகோதரி. துவாக்குடி தஞ்சாவூரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர், திருச்சியிலிருந்து ஏறத்தாழ 20. மாதம் 26 நாள், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்று வைத்துக்கொண்டால், தஞ்சாவூரிலிருந்து போய்வர 36 லிட்டரும் திருச்சியிலிருந்து 21 லிட்டரும் பெட்ரோல் ஆகும். அந்த 15 லிட்டரிலேயே 1,500 ரூபாய் போய்விடுகிறது. நெடுஞ்சாலையில் இரவுப் பணி முடிந்து வருகிறவரின் அலுப்பை நான் கணக்கில் சேர்க்கவில்லை. திருச்சிக்கும் துவாக்குடிக்கும் இடையில் உள்ள திருவெறும்பூரிலேயே வீடு தேடிப் பாருங்கள். தஞ்சாவூர் ரயில் பாதையில் அங்கே நிலையம் இருப்பதால் ஊருக்குப் போய்வரவும் வசதி.

பதில்
மளிகையில் இரு ஊர்களுக்கும் பெரிய வேறுபாட்டை நான் கண்டதில்லை. மின்கட்டணத்தில்தான் ஏமாந்தேன். கட்டண விகிதம் மாநிலம் முழுவதும் ஒன்றுதான், வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் உண்டு. ஆனால் திருச்சியில் நாங்கள் இருந்த மாடி வீட்டுக்குத் தனி இணைப்பு இல்லை. உரிமையாளர் படிக்கட்டுக்கு அடியில் இருந்த சிறிய மீட்டரைப் பார்த்து, காலண்டர் தாளின் பின்புறத்தில் "யூனிட் 8 ரூபாய்" என்று முதல் யூனிட்டிலிருந்தே கணக்கெழுதிக் கொடுப்பார். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன், தனி இணைப்பு உண்டா என்று கேளுங்கள். முன்பணத்தைப் பற்றியும் ஒன்று: வேறு உடன்பாடு இல்லாத நிலையில் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் சொல்கிறது.

பதில்
எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. தனியாக இருக்கும் மாமியாருக்கு நடு இரவில் உடம்பு சரியில்லை என்றால் தஞ்சாவூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். திருச்சியிலிருந்து அது முடியாது. ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலானாலும் நான் தஞ்சாவூரையே தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி கேட்டவர்
மூவருக்கும் மிக்க நன்றி. மாமியார் எங்களோடு வந்திருக்கச் சம்மதிப்பாரா என்று முதலில் கேட்கிறோம். சம்மதித்தால் ஞாயிற்றுக்கிழமை திருவெறும்பூரில் வீடு பார்க்கிறோம், இல்லையென்றால் தஞ்சாவூர்தான். எங்கே பார்த்தாலும் மீட்டரை முதலில் பார்ப்போம்.