கோல்டன் சைனா: படம் வருது, சத்தம் வரல

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா): என்கிட்ட இருக்கிறது கோல்டன் சைனா, நின்டெண்டோ நகல் வீடியோ கேம் பெட்டி. 90களில் டர்பன் பிள்ளைகள் பலர் முதன்முதலாக மரியோ ஆடிய அதே பெட்டி. ஏரியல் வயர் வழியா படம் தெளிவு, சத்தம் வெறும் இரைச்சல். கேட்ரிட்ஜ் (கேம் இருக்கும் அட்டை) போட்டா சில நேரம் வெறும் சாம்பல் திரை. கூட வந்த விளையாட்டுத் துப்பாக்கியும் சுடல. புது எல்சிடி டிவி.

பதில் 1: நம்ம நாட்டு டிவி பால்-ஐ (PAL-I) ஒளிபரப்பு முறை, ஒலி 6.0 மெகாஹெர்ட்ஸில். சீனப் பெட்டிகள் பலதும் 6.5 அல்லது 5.5. டிவி மெனுவில் ஒலி முறையை டிகே (6.5), பிஜி (5.5) என்று மாத்திப் பாருங்க. பெட்டிக்குப் பின்னால் ஏவி (படம், சத்தம் தனித்தனியா போகும்) துளை இருந்தா அந்தத் தொல்லையே இல்லை: மஞ்சள் படத்துக்கு, மற்றது சத்தத்துக்கு.

பதில் 2: சாம்பல் திரைன்னா பெரும்பாலும் கேட்ரிட்ஜின் 60 பின்னில் (உலோகத் தொடுமுனைகளில்) அழுக்கு. தயவுசெய்து ஊதாதீங்க, எச்சில் ஈரம் செம்பை அரிக்கும். டர்பன் கடல்காத்து ஏற்கெனவே அந்த வேலையைச் செய்யுது. பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு, பஞ்சில் கறுப்பு வர்றது நிக்கிற வரை துடைங்க. 10 நிமிஷம் காயட்டும். அடாப்டர் மாத்தினா வோல்டேஜ் மட்டுமில்ல, பிளஸ் மைனஸும் பெட்டி லேபிளோட ஒத்துப்போகணும்.

பதில் 3: துப்பாக்கி பழுதில்லை அண்ணா. குழாய் டிவியின் ஒளித்துடிப்பைத்தான் அது பார்க்கும். எல்சிடியில் அது கிடையாது, படமும் தாமதமா வரும். பழைய டிவி தேடுங்க.