டீசல் வெல்டிங் செட்டில் ரேஞ்ச் சுவிட்சும் குமிழும்: இரண்டு எதற்கு?

கேள்வி (சூரமங்கலம்):
அனைவருக்கும் வணக்கம். கிரில், கேட் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் தண்ணீர்க் குழாய் இணைக்கும் வேலை வந்திருப்பதால், டீசல் இன்ஜினில் ஓடும் பழைய 300 ஆம்பியர் டிசி ஜெனரேட்டர் செட் ஒன்றை வாங்கினேன். அதன் முகப்பில் ஐந்து படிகள் கொண்ட ரேஞ்ச் சுவிட்சும், 0 முதல் 100 வரை சுழலும் குமிழும் இருக்கின்றன. எதைத் திருப்பினாலும் ஆம்பியர் மாறுகிறது. பிறகு இரண்டு எதற்கு? மேலும், பட்டறையில் நன்றாக ஓடிய இன்ஜின், மலையில் 4 மி.மீ. வெல்டிங் ராடு பிடித்தால் திணறுகிறது.

பதில் 1 (மேட்டூர், குழாய் வெல்டர்):
தம்பி, புதிய செட்டுகள் பலவற்றில் குமிழ் அந்த ரேஞ்சுக்குள் ஆம்பியரை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க மட்டுமே பயன்படும். உங்களுடையதைப் போன்ற பழைய டிசி ஜெனரேட்டரில் அது ஆர்க் (ராடு முனையில் எரியும் மின்பொறி) பிடிக்கும் முன் இருக்கும் வோல்டேஜையும் மாற்றுகிறது. அதனால் 3.15 மி.மீ. ராடுக்கு வேண்டிய ஏறத்தாழ 110 ஆம்பியரை இரண்டு விதமாகப் பெறலாம். ரேஞ்சைக் குறைத்துக் குமிழை ஏற்றி வைத்தால், கை சற்று ஆடினாலும் ஆம்பியர் அதிகம் மாறாது, ஆர்க் மென்மையாக நிற்கும். தரையில் படுக்க வைத்துப் போடும் வெல்டிங்குக்கு இது ஏற்றது. ரேஞ்சை ஒரு படி ஏற்றிக் குமிழை இறக்கினால், ராடை நெருக்கும்போது ஆம்பியர் சட்டென்று உயர்ந்து ஆர்க் உள்ளே குடைந்து செல்லும். குழாயின் ரூட்டுக்கும் (இணைப்பின் அடியில் போடும் முதல் வெல்டு) ஓவர்ஹெட்டுக்கும் (தலைக்கு மேலே பார்த்துப் போடுவது) எனக்கு இந்த அமைப்புதான் கை கொடுத்திருக்கிறது. குமிழை ஆர்க் எரியும்போதும் திருப்பலாம். ரேஞ்ச் சுவிட்சை மட்டும் ஒருபோதும் அப்படித் திருப்பாதீர்கள், உள்ளே கான்டாக்ட் தீய்ந்துவிடும்.

பதில் 2 (அஸ்தம்பட்டி, டீசல் மெக்கானிக்):
சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 3 சதவீத வலுவை இழப்பதால், மேலே 12 சதவீதம் வரை குறையும். ஆனால் 4 மி.மீ. ராடுக்கு 160 ஆம்பியர் போதும். 300 ஆம்பியர் செட் அதற்கே திணறுகிறதென்றால் உயரத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. ஏர் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் பாருங்கள். கரும்புகை வந்தால் காற்றுப் பக்கம் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

பதில் 3 (ஓமலூர்):
செட்டில் மற்ற கருவிகளுக்கு மின்சாரம் தரும் அவுட்லெட்டில் கிரைண்டரைச் செருகும் முன், அது ஏசியா டிசியா என்று பெயர்த்தகட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள், ஐயா. பழைய செட்டுகள் சிலவற்றில் டிசிதான் வரும். கார்பன் பிரஷ் உள்ள கருவிகள் அதில் ஓடினாலும், தண்ணீர் மோட்டாரை மாட்டினால் காயில் கருகிவிடும். ஏசியாகவே இருந்தாலும், ஐடில் வேகத்தில் (வேலை இல்லாதபோது இன்ஜின் ஓடும் குறைந்த வேகம்) வோல்டேஜும் ஹெர்ட்சும் சேர்ந்து குறைவதால், ஐடில் சுவிட்சை முழு வேகத்தில் வைத்த பிறகே மோட்டாரை ஓட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஏர் ஃபில்டரில் காப்பித் தோட்டத்துச் செம்மண் அப்பியிருந்தது. மாற்றியதும் திணறல் நின்றது. மேட்டூர் அண்ணன் சொன்னபடி ரேஞ்சை ஏற்றிக் குமிழை இறக்கிப் போட்டதில், குழாயின் அடிப்பக்கம்கூட ரூட் சீராக இறங்கியிருக்கிறது. அவுட்லெட் டிசி என்று தகட்டில் இருப்பதால், தோட்டத்துப் பம்பை அதில் மாட்டும் எண்ணத்தைக் கைவிட்டேன்.