20 விழவே மாட்டேன் என்கிறது, டிஜிட்டல் பகடையை நம்பலாமா? (அவசரம்)

குகைவாசி · வெள்ளி இரவு 10:52
நாளை ராத்திரி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் (ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை நடத்தி, பகடை உருட்டி ஆடுவது), அதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும். மூன்று வாரமாக எங்கள் 20 முக டிஜிட்டல் பகடையில் 20 விழவே இல்லை. போன வாரம் டிராகன் முன்னால் நின்றுகொண்டு பலாடின் (வீரர் பாத்திரம் ஆடுபவர்) பத்துத் தடவை வெட்டினார், ஒன்றுகூட கிரிட் (20 விழுந்தால் கிடைக்கும் பலத்த அடி) ஆகவில்லை. பகடையில் ஏதோ கோளாறு என்று எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், நான்தான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிற ஆள். கைப்பகடைக்கே திரும்பிவிடலாமா, இல்லை இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மஞ்சள்மேசை · இரவு 10:58
எந்தச் செயலி? ஃபோனிலா, கணினியிலா? எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆடுகிறீர்களா, வீடியோ காலிலா?

ஏழாம்வாசல் · இரவு 11:03
மொத்தம் எத்தனை உருட்டு? அது தெரியாமல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆட்டக்காரர்கள் உருட்டியது மட்டுமா, உங்கள் அரக்கர்களுக்கு நீங்கள் உருட்டியதும் சேர்த்தா? எழுதி வைத்திருக்கிறீர்களா?

பழம்பெருச்சாளி · இரவு 11:10
இதே கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. தம்பி, டி20 பகடையில் 20 விழ வாய்ப்பு 5 சதவீதம்தான். பத்து வெட்டில் ஒரு கிரிட்கூட இல்லாமல் போக கிட்டத்தட்ட 60 சதவீதம். இருபது தடவை உருட்டினாலும் விழாமல் போக 36 சதவீதம். 0.95ஐ அத்தனை முறை பெருக்கிப் பாருங்கள், தெரியும். பாட்டியோடு தாயம் ஆடியிருப்பீர்கள். இரண்டு கட்டையில் 16 விதமாக விழலாம், அதில் 2 தாயம். எட்டில் ஒரு பங்கு. அதற்கே எத்தனை சுற்று கட்டத்துக்கு வெளியே உட்கார்ந்திருப்போம்? இது இருபதில் ஒரு பங்கு. முதலில் கணக்கைப் படியுங்கள், அப்புறம் கருவியைக் குறை சொல்லலாம்.

வெண்கலக்காசு · இரவு 11:16
கணக்கு சரி, ஆனால் ஒரு விஷயம். கணினி போடுவது உண்மையான தற்செயல் இல்லை. ஒரு விதை எண்ணில் தொடங்கி, சூத்திரம் போட்டு அடுத்தடுத்த எண்ணைத் தருகிறது. நான் ராண்டம்.ஆர்க் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. வளிமண்டல இரைச்சலிலிருந்து எண் எடுக்கிறார்கள், 1998 முதல் இருக்கிறது. அதற்கு மாறுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

மஞ்சள்மேசை · இரவு 11:21
விதை எண்ணில் தொடங்குவதால் 20 மட்டும் ஏன் குறைய வேண்டும்? பாஸ்வேர்ட் உருவாக்க அது போதாது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு சாயங்கால ஆட்டத்துக்குத் தாராளமாகப் போதும். குகைவாசி, எந்தச் செயலி என்று இன்னும் சொல்லவில்லையே.

உப்புக்கல் · இரவு 11:27
எதற்கு இத்தனை சிரமம்? கைப்பகடை வாங்குங்கள். உள்ளங்கையில் வைத்துக் குலுக்கும்போது மேசையே ஒரு நொடி பேச்சை நிறுத்தும். பொத்தானைத் தட்டினால் அது வராது. வாங்கினதும் ஒரு டம்ளர் வெந்நீரில் உப்பைக் கரையும் மட்டும் போட்டுக் கலக்கி, பகடையை மிதக்க விட்டு விரலால் சுண்டிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அதே எண் மேலே வந்து நின்றால் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறது, தூக்கிப் போடுங்கள். இன்னொன்று, எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 21 வர வேண்டும். 20க்குப் பக்கத்தில் 19, அதற்குப் பக்கத்தில் 18 என்று வரிசையாக இருந்தால் அது சீட்டாட்டத்தில் உயிர் எண்ணிக்கை வைப்பதற்கான கட்டை. பெரிய எண்கள் எல்லாம் ஒரே பக்கம் கூடியிருக்கும், உருட்ட எடுக்காதீர்கள்.

பழம்பெருச்சாளி · இரவு 11:33
உப்புத் தண்ணீரில் குமிழி தெரியும். அதனால் மேசையில் எந்த எண் எத்தனை தடவை விழும் என்று தெரியாது. நிறைய உருட்டி எண்ணிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. அதுவும் கணினி இதைவிட நியாயமாகத்தான் போடும்.

உப்புக்கல் · இரவு 11:36
நியாயத்துக்காக மட்டுமா ஆடுகிறோம்? 1974ல் இந்த ஆட்டம் வந்தபோது பள்ளிக்கூடங்களுக்கு விற்ற பகடைகளை வாங்கித்தான் உருட்டினார்கள். அந்தக் காலத்து 20 முகப் பகடையில் 0 முதல் 9 வரை இரண்டு தடவை இருக்கும். பாதி முகங்களுக்கு வேறு வண்ணம் தீட்டி அதைத்தான் 11 முதல் 20 என்று வைத்துக்கொண்டார்கள். அந்தக் கைவேலையும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான்.

ஏழாம்வாசல் · இரவு 11:41
அதே 70களின் கடைசியில் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பெட்டிக்குள் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளை வைத்துக் கொடுத்தார்கள். கோப்பையில் போட்டுக் குலுக்கி எடுத்து ஆடினார்கள். ஆட்டம் நிற்கவில்லையே.

தாழம்பூ · இரவு 11:46
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் குழுவில் ஒரு அக்காவுக்குப் பார்வை மிகக் குறைவு. கைப்பகடை வைத்திருந்தவரை அவர் உருட்டுவார், பக்கத்தில் இருப்பவர்தான் எண்ணைச் சொல்வார். சத்தமாக வாசிக்கிற செயலி வந்த பிறகு தன் உருட்டைத் தானே முதலில் கேட்கிறார். முதல் நாள் 20 விழுந்தபோது எங்களுக்குச் சொல்லாமல் இரண்டு நொடி பேசாமலே இருந்தார். பொத்தானில் அது வராது என்று சொல்லாதீர்கள்.

உப்புக்கல் · இரவு 11:50
தாழம்பூ, அதை நான் யோசிக்கவில்லை. அந்த இடத்தில் செயலிதான் சரி.

வெண்கலக்காசு · இரவு 11:52
ஃபயர்பால் மந்திரத்துக்கு 8 பகடையை எண்ணிக் கூட்டுகிற நேரத்தில் மேசையில் பாதிப் பேர் ஃபோனை எடுத்துவிடுகிறார்கள். மீட்டியர் ஸ்வார்ம் என்றால் 40 பகடை! அதற்காவது கணினி வேண்டும்.

குகைவாசி · சனி காலை 7:15
இப்போதுதான் பார்க்கிறேன். செயலி இல்லை, ஷீட்டில் (எக்செல் மாதிரி கணக்குத் தாள்) நானே செய்தது. வீடியோ காலில் ஆடுகிறோம், எல்லோரும் அதே ஷீட்டைத் திறந்து வைத்திருப்பார்கள். பொத்தான் மாதிரி ஒரு கட்டம், அதைத் தட்டினால் எண் மாறும். ஒருவர் நோட்டில் எழுதியிருக்கிறார்: மொத்தம் 140 உருட்டு, 20 மூன்று தடவை, 1 மூன்று தடவை. மற்றதெல்லாம் பரவலாக இருக்கிறது.

பழம்பெருச்சாளி · காலை 7:40
விழவே இல்லை என்றீர்கள், இப்போது மூன்று தடவை என்கிறீர்கள். 140ல் 7 வர வேண்டிய இடத்தில் 3 என்பது 13ல் ஒரு தடவை நடக்கிறதுதான். இதற்கு இவ்வளவு கலவரமா?

கணக்குப்பிள்ளை · காலை 7:58
கொஞ்சம் பொறுங்கள். 20 மட்டும் குறைந்திருந்தால் பழம்பெருச்சாளி சொல்வது சரி. 1-உம் அதே அளவு குறைந்திருக்கிறதே. இரண்டும் சேர்ந்து 14 வர வேண்டிய இடத்தில் 6. இது நூற்றில் இரண்டு தடவைகூட நடக்காது. இரண்டு ஓரமும் ஒன்றாகத் தேய்ந்திருக்கிறது என்றால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. குகைவாசி, கட்டத்தில் என்ன சூத்திரம் போட்டிருக்கிறீர்கள்? அப்படியே சொல்லுங்கள்.

குகைவாசி · காலை 8:20
ரேண்டை (0-க்கும் 1-க்கும் நடுவில் தற்செயலாக ஒரு எண் தரும் சூத்திரம்) 19ஆல் பெருக்கி, ரவுண்ட் போட்டு, 1 கூட்டியிருக்கிறேன். 1 முதல் 20 வரைதான் வருகிறது, சோதித்துப் பார்த்தேன்.

கணக்குப்பிள்ளை · காலை 8:34
அதேதான். 0 முதல் 19 வரை ஒரு அடிக்கோல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ரேண்ட் அதில் எங்காவது ஒரு புள்ளி வைக்கிறது, ரவுண்ட் அதைப் பக்கத்து முழு எண்ணுக்கு நகர்த்துகிறது. 7க்கு 6.5 முதல் 7.5 வரை முழு இடம் இருக்கிறது. 0க்கு? 0 முதல் 0.5 வரை மட்டும், பாதி இடம். 19க்கும் அப்படித்தான், 18.5க்கு மேலே பாதி இடம். 1 கூட்டியதும் அந்த இரண்டும்தான் உங்கள் 1-உம் 20-உம். இருபதில் ஒரு பங்கு இருக்க வேண்டியது முப்பத்தெட்டில் ஒரு பங்காகிவிட்டது, நடுவில் இருக்கிற எண்களுக்கு பத்தொன்பதில் ஒரு பங்கு. உங்கள் பலாடின் மூன்று வாரமாகப் பாதி கிரிட்டோடு சண்டை போட்டிருக்கிறார்.

ரேண்டை 20ஆல் பெருக்கி, தசமத்தை வெட்டிவிட்டு 1 கூட்டுங்கள். இல்லையென்றால் ராண்ட்பிட்வீன் 1, 20 என்று போட்டுவிடுங்கள், அதுவே சுலபம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஷீட்டில் யாராவது வேறொரு கட்டத்தில், எச்பி (உயிர்ப் புள்ளி) குறைத்து எழுதினால்கூட, ரேண்ட் மறுபடி ஓடும். ஒருவர் 17 என்று பார்த்து வாயைத் திறப்பதற்குள் அது 4 ஆகியிருக்கும். அப்படி நடந்ததா?

குகைவாசி · காலை 8:41
ஆமாம்! நடந்தது. பொய் சொல்கிறார் என்று ஒருவரைத் திட்டிக்கூட இருக்கிறோம்.

கணக்குப்பிள்ளை · காலை 8:44
முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம், உருட்டினதும் எண்ணை நகலெடுத்து, சூத்திரம் இல்லாமல் மதிப்பாக மட்டும் இன்னொரு வரிசையில் ஒட்டுங்கள். எண் மாறாது, பதிவும் கிடைக்கும்.

பழம்பெருச்சாளி · காலை 9:05
ஷீட் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானே சூத்திரத்தைக் கேட்டிருப்பேன். கணக்குப்பிள்ளை சொன்னது சரி.

வெண்கலக்காசு · காலை 9:12
அப்படியானால் விதை எண் காரணமில்லையா?

மஞ்சள்மேசை · காலை 9:15
இல்லை.

குகைவாசி · ஞாயிறு மதியம் 1:30
மாற்றிவிட்டேன். நேற்று 58 உருட்டு, 20 நான்கு தடவை, 1 இரண்டு தடவை. திட்டு வாங்கியவரிடம் எல்லோரும் மன்னிப்புக் கேட்டோம். பலாடின் மட்டும் இனி ஷீட் வேண்டாம் என்கிறார், தன் பகடையைக் காமிரா முன்னால் உருட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் நன்றி.

பழம்பெருச்சாளி · மதியம் 1:52
58 போதாது. 400 வரை பதிவு செய்துவிட்டு எண்ணுங்கள்.

உப்புக்கல் · மதியம் 2:10
காமிரா என்றால் தட்டில் கறுப்புத் துணி விரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெளிர் பகடையில் அடர்ந்த எண் இருந்தால்தான் திரையில் படிக்க முடியும். பளபளப்பான பகடையில் விளக்கு வெளிச்சம் பட்டால் 6-உம் 9-உம் ஒன்றுபோலத் தெரியும்.