கொறங்காடு போட நினைச்சேன், கொழுக்கட்டைப்புல் முளைக்கவே இல்லை

மேட்டாங்காடு:
வணக்கமுங்க. தாராபுரம் பக்கம் 4 ஏக்கர், சரளை கலந்த செம்மண், மானாவாரி. செம்மறி மேய்க்கக் கொறங்காடாக்க (புல்லும் மரமும் உயிர்வேலியும் சேர்ந்த மேய்ச்சல் காடு) உத்தேசம். போன ஐப்பசியில 10 கிலோ கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவி, மேலே ஒரு உழவு ஓட்டினோம். மழை நல்லாப் பேஞ்சும் பத்துக்கு ஒண்ணுகூட வரலை. விதை அந்த ஆவணியில உருவினதுதான். எங்கே தப்பு? வெள்வேல் மரம் ஏக்கருக்கு எத்தனை? வேலிக்குக் கம்பியா, கிளுவை நட்ட உயிர்வேலியா?

பட்டிக்காரர்:
ரெண்டு தப்புங்க. புது விதை உறக்கத்துல இருக்கும். உருவி 6-8 மாசம் காத்தாட வெச்சிருந்துதான் விதைக்கணும். மிச்சம் இருந்தாத் தூக்கிப் போட்றாதீங்க, 100 விதையை ஈரச்சாக்குல சுருட்டி முளைப்புப் பாருங்க.

அடுத்தது ஆழம். அரை அங்குலத்துக்குக் கீழே போனா இந்த விதை மேலே வராது. உழவை முதல்லயே முடிச்சிடுங்க. விதை மயிரோட பஞ்சாட்டம் பறக்கும், கையிலும் ஒட்டும். ஈரமணல்ல பிசறி வீசி, முள்ளுக்கிளையை ஒரு தடவை இழுத்தாப் போதும். ஏக்கருக்கு 2.5-3 கிலோ, உங்க அளவு சரி. முதல் வருசம் கதிர் பழுத்து உதிர்ற வரைக்கும் ஆட்டை உள்ளே விடாதீங்க. வேர் பிடிக்காத தூரைச் செம்மறி பிடுங்கிடும்.

நிழல்காடு:
வெள்வேல் 33 அடிக்கு ஒண்ணுன்னா ஏக்கருக்கு 40. நெருக்கினாப் புல் சோர்ந்துடும். விதைத்தோல் கெட்டி: கொதிச்ச தண்ணியை இறக்கி வெச்சு, விதையைப் போட்டு ராத்திரி ஊறவிட்டு, உப்பினதை மட்டும் பையில ஊனுங்க. நெத்து (முத்திக் காஞ்ச காய்) தின்ன ஆட்டைப் பட்டி அடைச்சாலும் புழுக்கையிலிருந்து கன்னு வரும். சீமைக்கருவேலும் அதே வழியிலதான் நுழையும்! முழங்கால் உயரம் தாண்டறதுக்குள்ள வேரோட பிடுங்கணும், வெட்டினாத் துளிர்க்கும். புல் சருகாகிற கோடையில வெள்வேல் நெத்து உதிரும், அதுக்காகத்தான் இந்த மரம்.

தழைமரம்:
சவுண்டல் (சூபாபுல்) மரம் வெச்சாத் தழை அதிகம் கிடைக்குமே?

நிழல்காடு:
கிடைக்கும். ஆனா அதுல மைமோசின்ங்கிற நச்சு இருக்குங்க. தீவனத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போனா மயிர் கொட்டும். காடு முழுக்கச் சவுண்டலா இருந்தா மேயற ஆட்டுக்கு அளவு வைக்க முடியுமா? வேணும்னா ஓரமா நட்டு அறுத்துப் போடுங்க.

வேலிக்காரன்:
கிளுவைதான். கட்டைவிரல் கனத்துல 3-4 அடிப் போத்து (நடறதுக்கான கிளைத்துண்டு), இலை இல்லாத கோடைக் கடைசியில வெட்டி, வெட்டுவாய் காய நிழல்ல சில நாள் போட்டு, மழைக்கு முன்னாடி ஒரு அடி ஆழம் நடுங்க. அடிப்பக்கத்தைச் சாய்வா வெட்டுனா எது தலை, எது அடின்னு குழம்பாது. தலைகீழா நட்டது பிழைக்காது. தண்ணி நிக்கிற பள்ளத்துல அழுகிடும், அங்கே மேடு கட்டி நடணும். 4 ஏக்கர் சதுரமா இருந்தா சுத்தளவு சுமார் 1,670 அடி. அடிக்கு ஒண்ணுன்னா அத்தனை போத்து, ரெண்டு வரிசைன்னா இரட்டிப்பு. செம்மறி அடிச்சந்துல நுழையும்ங்கிறதால, எதிரும் புதிருமாச் சாய்ச்சு நடுங்க. பட்டுப்போன இடத்துல முள் அடைச்சு, அடுத்த வருசம் போத்து மாத்துங்க.

மேட்டாங்காடு:
மிச்ச விதை 3 கிலோ மச்சுல கிடக்குதுங்க. நாளைக்கே சாக்குல சுருட்டிப் பார்க்கிறேன்.