பழைய சிபிஆர் 250 ஆர்ஆர் வண்டியைக் கஃபே ரேசராக மாற்ற விரும்புகிறேன்: செசியை வெட்டலாமா?

உப்புவெளியான்

எல்லோருக்கும் வணக்கம். என் சித்தப்பா வெளிநாடு போகுமுன் ஓடிய ஹொண்டா சிபிஆர் 250 ஆர்ஆர் ஒன்று, எம்சி 22 வகை, உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் பல ஆண்டுகளாக நிற்கிறது. இப்போது அதை எனக்கே தந்துவிட்டார். பதிவுச் சான்றிதழும் கையில் இருக்கிறது. பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினால் எஞ்சின் தடையின்றிச் சுழல்கிறது, ஆனால் இன்னும் ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. வண்டியை மூடும் வெளிக்கூடான ஃபெயாரிங் இரு பக்கமும் உடைந்து பாதி காணாமற் போய்விட்டது, முன் கண்ணாடியும் இல்லை, பெற்றோல் தாங்கிக்குள் துரு தெரிகிறது.

புதிய ஃபெயாரிங் தேடி அலைவதைவிட, வண்டியைப் பழைய ஓட்டப்பந்தய வண்டிபோன்ற கஃபே ரேசராக மாற்றிவிடலாம் என்று எண்ணுகிறேன். பின்பக்கச் செசியை, அதாவது வண்டியின் சட்டத்தை, வெட்டித் தட்டையான ஒற்றை இருக்கை வைப்பது, எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் காற்றுப் பெட்டியை எடுத்துவிட்டு நான்கு தனித்தனி ஃபில்டர்கள் பூட்டுவது, பின்னால் பெரிய கட்டைப் பற்கள் கொண்ட அகலமான பட்டன் டயர் போடுவது, முன்னால் வட்ட லைற் ஒன்று வைப்பது என்பதே என் திட்டம். காட்சிக்காக மட்டும் வைத்திருக்கப் போவதில்லை; சீனக்குடாவிலுள்ள வேலைத்தலத்துக்குத் தினமும் இதில்தான் போய்வர வேண்டும். எதை முதலில் செய்வது, எதைத் தொடக்கூடாது, திருகோணமலையிலேயே செய்து முடிக்கக்கூடிய வேலைகள் எவை என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

லிங்கநகர் பட்டறை

தம்பி, வெட்டுவதைப் பற்றி யோசிக்குமுன் வண்டியை இருக்கிற கோலத்திலேயே ஓட வையுங்கள். ஓடாத வண்டியில் வடிவத்தை மாற்றிவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்தால், கோளாறு பழைமையால் வந்ததா அல்லது நீங்கள் மாற்றியதால் வந்ததா என்று யாராலும் பிரித்தறிய முடியாது. எஞ்சின் ஒயிலையும் ரேடியேற்றர் நீரையும் மாற்றுங்கள். தாங்கியைக் கழற்றி வினாகிரி நிரப்பி ஊறவிட்டு, துரு கரைந்ததும் அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, அன்றே முற்றாக உலர்த்திப் பெற்றோல் நிரப்பிவிடுங்கள். எங்கள் ஊர்க் காற்றில் வெறும் இரும்பை ஓர் இரவு விட்டாலே மறுபடியும் துரு பிடித்துவிடும். காற்றோடு பெற்றோலைக் கலக்கும் நான்கு காபரேற்றர்களையும் ஒன்றாகக் கழற்றி, பெற்றோல் வரும் சிறு துளையுள்ள ஜெற்றுகளைத் திரவத்தில் ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, அந்த சிலிண்டர் மட்டும் எப்போதும் மற்ற மூன்றோடும் ஒத்துப்போகாமல் நிற்கும். பூட்டியபின், உறிஞ்சும் அழுத்தத்தை அளக்கும் வெக்கியூம் மானியால் நான்கையும் சமப்படுத்த வேண்டும்.

இனி உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். கஃபே ரேசர் என்பது 1950களிலும் 60களிலும் இங்கிலாந்து இளைஞர்கள் சாதாரண வீதி வண்டிகளை ஓட்டப்பந்தய வண்டிகளைப் போல ஆக்கிய முறை. நோர்ட்டனின் ஃபெதர்பெட் செசிக்குள் ட்ரையம்ப் எஞ்சினைப் பொருத்திய ட்ரைட்டன் அதற்குப் புகழ்பெற்ற உதாரணம். அந்த வண்டிகளின் அழகு, நேராக ஓடும் மெல்லிய இரும்புக் குழாய்களிலும் இருபுறமும் நிற்கும் இரண்டு ஷொக்குகளிலும் இருக்கிறது. உங்கள் வண்டியிலோ இருபுறமும் தடித்த அலுமினியச் சட்டம், நடுவில் ஒற்றை ஷொக், பின் சக்கரத்தைத் தாங்கும், பறவைச் சிறகுபோல வளைந்த பின் கை ஆகியவையே இருக்கின்றன. இதன் மேல் கஃபே ரேசர் இருக்கையை வைத்தால் கீழ்ப்பாதி ஒரு காலத்தையும் மேற்பாதி வேறொரு காலத்தையும் சொல்லும். ஃபெயாரிங் உடைந்த ஸ்போர்ட்ஸ் வண்டிகளை எடுத்து, ஹான்டிலை உயர்த்தி, லைற்றை மாற்றி, எஞ்சினும் செசியும் வெளியே தெரிய ஓடுகிற ஸ்ட்ரீற் ஃபைற்றர் முறையே இதற்கு இயல்பான வழி என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு ஹொண்டாவே வழிகாட்டியிருக்கிறது. உங்கள் வண்டியின் எஞ்சின் குடும்பத்தை எடுத்து 1991இல் ஜேட் 250 வண்டியையும் 1996இல் ஹோர்னட் 250 வண்டியையும் ஃபெயாரிங் இல்லாமலே விற்றார்கள். நம் நாட்டில் இவ்விரண்டும் ஓடுகின்றன. ஒன்றைக் கண்டால் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். சிபிஆரில் 45 குதிரைவலுவாக இருந்ததை 40 ஆகக் குறைத்து, நகர ஓட்டத்துக்கு ஏற்றபடி கீழ்ச் சுழற்சியில் இழுவையைக் கூட்டினார்கள், ஹான்டிலை உயர்த்தினார்கள். ஆனால் காற்றுப் பெட்டியை எடுத்துவிடவில்லை. அதை நன்றாகக் கவனியுங்கள்.

இந்தக் காபரேற்றர்களில் உள்ள பிஸ்டன் போன்ற ஸ்லைட்டை நீங்கள் பிடிக்கும் அக்சிலறேற்றர் கேபிள் நேரடியாகத் தூக்குவதில்லை. ஸ்லைட்டின் மேலும் கீழும் உள்ள காற்றழுத்த வேறுபாடே மெல்லிய ரப்பர் சவ்வு ஒன்றின் துணையோடு அதைத் தூக்குகிறது. காற்றுப் பெட்டி அந்தக் கணக்கில் ஓர் அங்கம். மலிவான தனி ஃபில்டர்களைப் பூட்டும்போது அவற்றின் ரப்பர் விளிம்பு காபரேற்றர் வாயிலுள்ள சிறு காற்றுத் துளைகளை மூடிவிடுவதும் உண்டு. பக்கக் காற்று அடிக்கும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் வெவ்வேறு அளவு காற்றுப் போவதும் உண்டு. 249 சிசி கொள்ளளவை நான்காகப் பிரித்து, நிமிடத்துக்கு 19,000 சுற்றுவரை போகும்படி அமைத்த எஞ்சின் இது. நடுச் சுழற்சியில் ஒரு பள்ளம் விழுந்தால் கண்டி வீதிச் சந்தியில் பேருந்துக்கு முன்னால் வண்டி தயங்கி நிற்கும். தனி ஃபில்டர் அழகாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை, ஆனால் தினமும் வேலைக்குப் போகிற வண்டிக்கு அது வேண்டாம்.

டயர் விடயம் சுருக்கமானது. ஹோர்னட் 250 பின்னால் 180 அளவு டயரோடு வந்ததே என்று யாராவது சொல்லலாம். அதற்கேற்ற அகலமான ரிம்மும் அதனுடன் வந்தது. உங்கள் ரிம்முக்கு 140/60-17 தான் சரி. அகலமான டயரை ஒடுங்கிய ரிம்மில் ஏற்றினால் ஓரங்கள் உள்ளிழுக்கப்பட்டு நடுப்பகுதி கூர்மையாகி, வளைவில் வண்டி சீராகச் சாயாது. பட்டன் டயர் மழைக்கால வீதிகளில் பிடிப்பைக் குறைக்கும். பழைய டயரை எப்படியும் மாற்ற வேண்டும். பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள், 2308 என்றிருந்தால் 2008ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள்.

வயர்மன்

லிங்கநகர் அண்ணா சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். வயரிங்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் கடலோரம் நின்ற வண்டிகளில் பெரும்பாலான தொல்லைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

ஃபெயாரிங் கழன்ற வண்டியில் முன்பக்கக் கனெக்டர்கள் எல்லாம் வெளியே வந்துவிடுகின்றன. வாடைக் காலத்தில் உப்பு நீர்த்துளி நேரே அவற்றில் படியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நுண்ணிய மணல் புகும். ஒவ்வொரு கனெக்டரையும் திறந்து, பச்சை பூத்த முனைகளைச் சுத்தம் செய்து, முடியாதவற்றை வெட்டிப் புதிய முனை அமுக்கிப் பூட்டி, மின்சாரத்துக்கான கிறீஸ் தடவி மூடுங்கள். செசியில் எர்த் வயர் பூட்டும் இடத்தைப் பளபளக்கும்வரை தேய்த்து, பூட்டியபின் மேலே பெயின்ற் அடியுங்கள். புதிய வட்ட லைற்றின் உட்கூடு இடமிருப்பதாகத் தெரிந்தாலும் வயர்கள் எல்லாவற்றையும் அதற்குள் அடைக்காதீர்கள். ஹான்டில் முழுவதும் திரும்பும்போது அவை இழுபட்டு உள்ளே அறுந்துவிடும்.

அடுத்தது, பற்றரிக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர். அக்கால ஹொண்டாக்களில் இது சூட்டினால் கெட்டுப்போகும் பாகம் என்பது பரவலாக அறியப்பட்டது. எஞ்சினை 5,000 சுற்றில் வைத்துப் பற்றரி முனைகளில் மீற்றர் பிடித்துப் பாருங்கள். 14 வோல்ற் அளவில் நின்றால் நல்லது, 15.5ஐத் தாண்டினால் பற்றரியை வேக வைத்துவிடும், 13க்குக் கீழே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. தட்டையான இருக்கைக்குக் கீழே எல்லாவற்றையும் மறைக்க விரும்புகிறவர்கள் ரெகுலேற்றரையும் அங்கே காற்றோட்டமில்லாமல் திணிக்கிறார்கள், அதைச் செய்யவே கூடாது. எல்ஈடி சிக்னல் பூட்டுவதாக இருந்தால் சிக்னலை மினுக்க வைக்கும் பிளாஷர் ரிலேயையும் அதற்குரியதாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் சிக்னல் அதிவேகமாக அடிக்கும்.

கிண்ணியா ஃபைபர்

தம்பிக்கு வணக்கம். மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் வேலை செய்பவன் என்ற முறையில் பின்பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் எதையும் வெட்டத் தேவையில்லை.

முதலில் ஒரு காந்தத்தை எடுத்து இருக்கையின் கீழுள்ள சட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது அலுமினியம், அதைச் சாதாரண வெல்டிங் பட்டறையில் கொடுக்கக்கூடாது. டிக் வெல்டிங் தெரிந்தவர் செய்தாலும், வெல்டிங் செய்த இடத்தைச் சுற்றி அலுமினியத்தின் வலிமை குறைந்துவிடும். காந்தம் ஒட்டினால் இரும்பு, அதை வெட்டி முனைகளை இணைக்கும் வளையம் வைக்கலாம்தான். ஆனால் ஷொக் முழுவதும் அமுங்கும்போது டயர் எவ்வளவு மேலே வருகிறது என்று அளக்காமல் தட்டையாக்கினால், கன்னியா வீதிப் பள்ளமொன்றில் டயர் இருக்கையின் அடியில் உராயும்.

நான் சொல்லும் வழி, சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அதன் மேல் மூடி ஒன்று செய்வது. தேர்மோகோல் பலகைகளை ஒட்டிச் சீவி விரும்பிய வால் வடிவத்தை எடுங்கள். பொலியெஸ்ரர் ரெசின் தேர்மோகோலைக் கரைத்துவிடும், ஆகவே அதன் மேல் பாக்கிங் டேப்பை இடைவெளியின்றிச் சுற்றி மெழுகு பூசுங்கள். பிறகு படகுக்குப் பயன்படுத்தும் அதே 450 கிராம் கண்ணாடியிழை மெற்றை இரண்டு படையாகப் போட்டு, பூட்டும் துளைகள் வரும் இடங்களில் மட்டும் மேலும் இரண்டு படை சேர்த்தால் போதும். பாரம் முழுவதையும் உலோகச் சட்டமே தாங்க வேண்டும், ஃபைபர் வெறும் தோல்தான். ரெசினில் அதை இறுக வைக்கும் ஹாடனரை அதிகம் ஊற்றினால் நம் ஊர் வெயிலில் கலவை கோப்பைக்குள்ளேயே இறுகி விடும். காலை வேளையில் நிழலில் செய்யுங்கள். இந்த வேலைக்கான பொருட்கள் படகுச் சாமான் கடைகளிலேயே கிடைக்கும், கொழும்புக்குப் போகத் தேவையில்லை.

உவர்மலை

இங்கே ஒரு மாறுபட்ட கருத்தைப் பதிய விரும்புகிறேன். எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் கேம் சாஃப்ற்றைச் சங்கிலியால் அல்லாமல் பற்சக்கரங்களால் சுழற்றும் 250 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின் இனி எளிதில் வரப்போவதில்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, ஒழுங்கான பழைய வண்டிகளைத் தேடுவோர் கூடினார்கள். ஆகவே கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும், உடைந்த ஃபெயாரிங்கின் தாங்குகம்பிகள் உட்பட, ஒயில் தடவிப் பெட்டியில் பெயரெழுதி வையுங்கள். நாளை நீங்களோ வேறொருவரோ இதை மூல வடிவத்துக்குக் கொண்டுவர நினைத்தால் அந்தக் கம்பி இல்லாமல் முடியாது. கிண்ணியாச் சகோதரர் சொன்ன, வெட்டாமல் மூடும் வழியை நான் ஆதரிப்பதும் இதனால்தான்.

ஆவணங்களையும் கவனியுங்கள். பெயின்ற் அடிப்பதற்காகச் செசியைத் தேய்க்கும்போது ஹான்டில் கழுத்தருகே பொறிக்கப்பட்ட செசி இலக்கத்தில் கைவைக்கக்கூடாது. அதன் மேல் டேப் ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள். வண்டியின் நிறத்தையோ எஞ்சினையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுச் சான்றிதழைத் திருத்திக்கொள்ளுங்கள். காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இருந்தால்தான் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். காபரேற்றர் ஒழுங்கில்லாமல் பெற்றோலை அதிகம் ஊற்றும் வண்டி அந்தப் பரிசோதனையில் தேறாது; காற்றுப் பெட்டியை விட்டுவைக்க அதுவும் ஒரு காரணம். உங்கள் சித்தப்பாவின் பெயரிலிருந்து உரிமை மாற்றத்தையும் இப்போதே செய்துவிடுங்கள்.

உப்புவெளியான்

அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. காந்தம் வைப்பதற்குமுன்பே தீர்மானித்துவிட்டேன், செசியை வெட்டப்போவதில்லை. காற்றுப் பெட்டியும் 140 டயரும் அப்படியே இருக்கும். சித்தப்பாவிடம் உரிமை மாற்றப் படிவத்தைப் பற்றி இன்று பேசினேன். இன்னும் இரண்டு கேள்விகள். ஃபெயாரிங் இல்லாமல் ஓடினால் எஞ்சின் சூடேறுமா? ஹான்டிலை உயர்த்தும்போது வேறு எவற்றை மாற்ற வேண்டிவரும்?

லிங்கநகர் பட்டறை

ஓடும் வேகத்தில் சூட்டைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ரேடியேற்றருக்கு நேரே காற்றுப் படும். சந்தை நெரிசலில் மெதுவாகப் போகும்போது விசிறிதான் காப்பாற்ற வேண்டும். வண்டியை நிற்கவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, சூட்டுமானி ஏறும்போது விசிறி தானாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலாவிட்டால் விசிறிக்கு நேரடியாகப் பற்றரி மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்; அப்போது சுழன்றால் பழுது சூட்டுச் சுவிட்சிலோ வயரிலோ இருக்கிறது. ரேடியேற்றரின் தகடுகளில் உப்பும் பூச்சிகளும் அடைத்திருக்கும், நல்ல நீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். சேர்விஸ் நிலைய அழுத்தக் குழாயைக் காட்டினால் தகடுகள் மடங்கிவிடும். குழாய் நீரை மட்டும் ஊற்றாமல் கூலன்றும் வடிநீரும் சம அளவில் கலந்து நிரப்புங்கள்.

ஹான்டில் உயர்ந்தால் கிளச் கேபிள், அக்சிலறேற்றர் கேபிள்கள், முன் பிரேக் ஹோஸ் மூன்றும் நீளமாக வேண்டும். இருப்பதையே இழுத்துப் பூட்டினால், ஹான்டிலைத் திருப்பும்போது அக்சிலறேற்றர் தானாக ஏறும். பிரேக் ஹோஸ் பழையதாகையால் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். எஃகு வலை பின்னியதை வாங்கி, கலிப்பர் ரப்பர்களையும் புதிதாக்கி, புதிய டொட் 4 பிரேக் திரவம் நிரப்புங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம், ஆகவே திறந்து வைத்த பழைய போத்தலிலிருந்து ஊற்றாதீர்கள். பெயின்ற் அடிக்குமுன் எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டி, இருபுறமும் முழுதாகத் திருப்பி, கை பெற்றோல் தாங்கியில் இடிக்கவில்லை, ஹோஸ் எங்கும் இறுகவில்லை என்று உறுதி செய்தபிறகே மீண்டும் கழற்றுங்கள். விசிறியைச் சோதித்ததும் முடிவை இங்கே எழுதுங்கள்.